புதுசு ஒருக்கா ஓடிக் காட்டட்டும்

அவருடைய கைப்பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை தூக்கமாட்டார்கள். அத்தனை பாரம். புதுக் கைப்பேசி, அதன் பக்கத்தில் முகம் வெடித்த பழைய கைப்பேசி. புதுக் குடை, கம்பி வளைந்த பழைய குடை. எந்தக் கதவுக்கும் பொருந்தாத ஒரு திறப்புக்கோர்வை. அந்தக் கதவுகள் இருந்த வீடுகளே இன்றில்லை. குறிகாட்டுவான் துறையில் படகேறும்போது யாராவது கைகொடுத்துப் பையை வாங்கினால், "என்ன அக்கா, நெடுந்தீவில கல்லில்லையெண்டு கொண்டு வாறியளோ?" என்று கேட்காமல் விடுவதில்லை.

"புதுசு ஒருக்கா ஓடிக் காட்டட்டும். பேந்து பழசை எறியிறன்."

இதுதான் பதில். குடைக்கும் இதே பதில், செருப்புக்கும் இதே பதில், தன்னைவிட்டுப் பிரான்சுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட கணவனுக்கும் ஏறக்குறைய இதே பதில். பழைய கைப்பேசியை அவர் ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டு வைத்திருந்தது எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இலக்கம் மட்டும்தான் அந்த மனிதரிடம் இருந்தது. சந்தையில் ஒருத்தி வாய்விட்டே கேட்டாள்: "அவர்தான் புதுசு பிடிச்சிட்டாரே, நீங்கள் ஏன் இன்னும் வாசலைத் திறந்து வச்சிருக்கிறியள்?" இவர் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புதுசு ஓடாட்டில் மனுசன் எங்க போறது?"

சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் அன்று நான் நெத்தலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெயர் வேண்டாம். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. வயதான தலைவருக்கு மட்டும் பிள்ளை. கொழும்பில் பெரிய அலுவலகமொன்றில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கணவன் போனபின் அந்தக் கணவனுடைய ஊரான இந்தத் தீவுக்கே வந்து இருந்துகொண்டார். அதுவும் எங்களுக்கு விளங்காத விசயம். நான் சங்கத்தில் ஐஸுக்கும் எண்ணெய்க்கும் ரசீதுத் துண்டு எழுதுகிறவன். என் மேசைக்கு எதிரே, சுவரோடு, ஒரு கறுப்புப் பெட்டி. சேர்வர் என்று எல்லோரும் சொல்வோம். ஒவ்வொரு படகிலும் கைமுட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. அது தான் இருக்கும் இடத்தைக் கொஞ்சநேரத்துக்கு ஒருதரம் எங்கள் கூரைக் கம்பத்துக்கு அனுப்பும்; பெட்டி அதைப் பதிந்து, திரையில் கடலை வரைந்து, கடலில் புள்ளி வைக்கும். ஒரு புள்ளி ஒரு படகு. ஒரு படகு என்பது எத்தனை வீட்டு அடுப்பு என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பெட்டி லினக்ஸில் ஓடியது. அதை ஓட்டியவர் அக்கா.

வாடைக்காற்று பிடித்திருந்த மார்கழி மாதம். கூரைத் தகரம் தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல். மின்சாரம் போனது, வந்தது, திரும்பவும் போனது. உப்புக்காற்று தின்ற பற்றரி இரண்டாம் முறை தாங்கவில்லை. பெட்டி அணைந்தது. மின்சாரம் வந்ததும் அது தானாக உறுமி எழும்பியது. வழக்கம்தானே என்று நான் துண்டெழுதக் குனிந்தேன்.

அப்போதுதான் ஜெசிந்தா கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"எஞ்சின் நிண்டிட்டுதாம்! காத்து இழுக்குதாம்! இப்ப எடுத்தவர், கதைக்கேக்கயே அறுந்துபோச்சு. அக்கா, எங்க நிக்கிறாரெண்டு பாருங்கோ! கெதியா!"

அவளுடைய புருஷன் அருளப்புவும் அவன் மச்சானும் விடியமுன் கடலுக்குப் போனவர்கள். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. எஞ்சின் இல்லாத படகைத் தென்மேற்கே தள்ளிக்கொண்டு போகும். தென்மேற்கே எல்லை. எல்லைக்கு இப்பால் மறித்தால் படகைத் தேடலாம். தாண்டிவிட்டால் தேடவேண்டியது இன்னொரு நாட்டின் சிறைச்சாலையை. அதற்குள் கடல் படகைப் புரட்டினால் தேட ஒன்றும் இருக்காது.

அக்கா திரையைத் திருப்பினார். கடலைக் காணவில்லை, புள்ளியைக் காணவில்லை. கறுப்பில் வெள்ளை எழுத்துகள், அசையாமல்.

அவர் கடைசி வரியில் விரல் வைத்தார். "வேரைக் காணேல்லையாம். பயந்துபோய் நிக்குது."

"ஆர் பயந்துபோய் நிக்கிறது?" ஜெசிந்தா கத்தினாள். "அந்தாள் கடலில நிக்குது, நீங்கள் பெட்டி பயந்ததெண்டு கதை சொல்லுறியள்!"

கேர்னல் என்று ஒன்று இருக்கிறது. பெட்டி கண்விழித்ததும் முதலில் எழும்பும் உயிர். அது எழும்பி, வட்டுக்குள் எல்லாக் கோப்புகளும் கிளைக்கிற வேர் எங்கே என்று தேடிப் பிடித்தபின்தான் மற்றதெல்லாம் எழும்பும். அந்தக் கிழமைத் தொடக்கத்தில் அக்கா புதுக் கேர்னல் ஒன்றை ஏற்றியிருந்தார். ஏற்றியதோடு சரி. நிறுத்தி எழுப்பிப் பார்க்கவில்லை. கடலில் ஆள் இருக்கும்போது பெட்டியை நிறுத்தமாட்டார். எங்கள் கடலில் ஆளில்லாத நேரம் எது? அவர் செய்யாததை மின்சாரம் செய்துவிட்டது. புதிது முதன்முதலாக எழும்பி, வேரைத் தேடி, காணாமல், அப்படியே விறைத்துவிட்டது. கணினிக்காரர் இதற்கு வைத்த பெயரே பயம்தான்.

தலைவர் இரண்டு கைப்பேசிகளோடு உள்ளே வந்தார். ஒன்றில் கடற்படை முகாம். "இடம் கேக்கினம், பிள்ளை. என்னத்தைச் சொல்ல? கடலெண்டு சொல்லவே?"

மற்றதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணினிப் பொறியியலாளர். ஒலிபெருக்கியில் போட்டார்.

"அக்கா, மினக்கெடாதேங்கோ. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்துங்கோ. பின்னேரத்துக்குள்ள ஓடும்."

"அழிச்சா அந்தப் படகு கடைசியா நிண்ட இடமும் அழியும்," என்றார் அக்கா.

"அதை எடுக்கேலாதுதானே இப்ப?"

"இப்ப ஏலாது. ஏலாதெண்டு இன்னும் முடிவாகேல்லை."

தலைவர் மேசையில் அடித்தார். "நீர் உந்தப் பழைய சாமானுகளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிரும்! ரெண்டு உயிர், பிள்ளை! அந்தப் பொடியன் படிச்சவன், சொல்லுறதைக் கேளும்!"

அக்கா எழும்பவில்லை. பெட்டியின் பொத்தானை அழுத்தி அணைத்தார், திரும்ப எழுப்பினார். அது விழிக்கும் கணத்தில் ஒரு விசையை அழுத்தினால் பழைய கேர்னல்களின் பட்டியல் வரும். முன்பெல்லாம் அழுத்தாமலே வரும், கொஞ்சநேரம் நின்று கேட்கும். "இதென்ன ஒவ்வொரு தரமும் எங்களிட்டக் கேள்வி கேக்குது?" என்று தலைவர் எரிச்சல்பட்டு, அதே பொறியியலாளரைப் பிடித்து அந்தக் கேள்வியை மறைப்பித்தார். இப்போது அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தாண்டிப் போகிறது.

அழுத்தினார். தாண்டிவிட்டது. வேரைக் காணவில்லை.

திரும்ப அணைத்தார். திரும்ப எழுப்பினார். விசைப்பலகையில் விளக்கே வரவில்லை. நன்றாக விழித்தபின்தான் பெட்டிக்கு அந்தப் புதுப் பலகையைத் தெரியும் போலிருந்தது. அரைத்தூக்கத்தில் யாருடைய குரல் என்று அதற்கு விளங்கவில்லை.

ஜெசிந்தா சுவரோடு சாய்ந்து குந்திவிட்டாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. செருப்பில்லாத காலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்களுக்கு அவசரம் தெரியாதக்கா. நீங்கள் காத்திருந்து பழகின ஆள்."

அக்கா விசையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ர வீட்டை ஓடுங்கோ. அலுமாரிக்கு அடித்தட்டில ஒரு சாக்கு. அதுக்குள்ள பழைய கீபோட் ஒண்டு. வயரின்ர நுனி வட்டமா இருக்கும். வட்டம், விளங்கிச்சுதோ? ஓடுங்கோ."

ஓடினேன். கல்வேலிகளுக்கு நடுவே காற்று என்னை நெஞ்சில் தள்ளியது. எதிர்க்காற்றில் ஓடும்போது நிலமே பின்னால் போவதுபோல இருக்கும். படகு எந்தப் பக்கம் போகிறது என்பதை என் சட்டையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் வளவுக்குள் நுழைந்ததும் இரண்டு கிணறு. புதுக்கிணறு வெட்டியபோது பழையதைத் தூர்த்துவிடுங்கோ என்று ஊரே சொன்னது. "புதுசு ஒரு கோடை தாங்கட்டும்." அந்தக் கோடையில் புதுக்கிணறு உவர்த்தது. ஒழுங்கைச் சனம் முழுவதும் வாளியோடு அவருடைய பழைய கிணற்றுக்கு வந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. ஆனால், அடுத்த மாரியில் கட்டு இடிந்த அதே பழைய கிணற்றுக்குள் அயல்வீட்டுச் சினையாடு விழுந்தது. அது கத்தியதை நானும் கேட்டேன். கயிறு கட்டி இறங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. அப்போதும் அவர் கிணற்றைத் தூர்க்கவில்லை.

உள்ளே அலுமாரிக்கு முன்னால் கதிரை. கை வைத்த, பிரம்பு பின்னிய மரக்கதிரை. ஒருமுறை ஏதோ கையெழுத்துக்காக வந்தபோது தெரியாமல் அதில் இருக்கப்போனேன். வேறொன்றை இழுத்துவைத்துச் சொன்னார்: "அதில வேண்டாம். அது ஆளிருக்கிற கதிரை." வெறும் கதிரை. தூசி துடைத்து, பின்னல் புதுப்பித்த வெறும் கதிரை. அன்று அதை நகர்த்தாமல் அலுமாரியைத் திறக்க முடியவில்லை. காலால் தள்ளினேன். அது தரையில் கீறிய சத்தம் இன்னும் பல்லில் இருக்கிறது.

சாக்கு. வயர்கள், காய்ந்த எலிப்புழுக்கை, விசைகள் மஞ்சளாகிப்போன ஒரு பலகை. நுனி வட்டம்.

திரும்பி வந்தபோது தலைவர் வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய பொருள் ஒண்டு கொண்டுவாறான்," என்றார் கசப்பாக. அக்கா பெட்டியை அணைத்து, பின்பக்கத்தை இருட்டில் தடவி, அந்த வட்டத்தைச் செருகினார். எழுப்பினார். விசையை அழுத்தியபடியே இருந்தார், விரல்நுனி வெளுத்துவிட்டது.

பட்டியல் வந்தது.

மேலே புதிது. அதன் கீழே பழையவை, பழையவற்றுக்கும் பழையவை, திரையின் அடிவரை. ஒன்றையும் அவர் எறிந்திருக்கவில்லை. புதிதுக்கு அடுத்த வரியில் நிறுத்தி அழுத்தினார்.

கறுப்பு. நீண்ட கறுப்பு. தகரம் அடித்தது. ஜெசிந்தாவின் உதடு ஏதோ செபத்தின் பாதியில் நின்றது. பிறகு எழுத்துகள் ஓடத் தொடங்கின, மழை தொடங்குவதுபோல, முதலில் ஒவ்வொன்றாக, பிறகு பிடிக்க முடியாமல். கடல் வந்தது. கடலில் புள்ளிகள் வந்தன.

"இதுதான் கடைசியா நிண்ட இடம். ஆனால் இது பழசு. பொறுங்கோ."

"இன்னும் என்ன பொறுக்கிறது?"

"கருவி உயிரோட இருந்தால் இப்ப ஒண்டு அனுப்பும். பொறு, ஜெசிந்தா."

பொறுத்தோம். புள்ளி அசைந்தது. ஒரு தாவலில் தென்மேற்கே போய் நின்றது. எல்லைக்கோட்டுக்கு இப்பால், ஆனால் கோட்டை முகர்ந்துகொண்டு.

அக்கா இலக்கங்களை உரத்து வாசித்தார். தலைவர் கைப்பேசியில் கடற்படைக்குத் திருப்பிச் சொன்னார். கரையில் காத்திருந்த இரண்டு படகுகள் கயிறவிழ்த்தன. ஆட்கள் கத்திக்கொண்டு கடலடிக்கு ஓடினார்கள். ஓடும்போதே தலைவர் திரும்பிச் சொன்னார்: "பழசு கைவிடேல்லைப் பிள்ளை! நீர் வச்சிருந்தது வீண்போகேல்லை!"

அறையில் நானும் அக்காவும்தான். அவர் சிரிக்கவில்லை. திரையில் வேறெதையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"கேர்னல் இருக்கிறதுக்கு இதுக்குள்ள சின்ன அறை ஒண்டு இருக்கு. அது நிறைஞ்சுபோச்சு. முழுக்கப் பழசு. புதுசு உள்ள வரேக்க இடம் காணாமல் பாதியில அறுந்திருக்கு. பாதி உடம்போட எழும்பி எப்பிடி வேரைப் பிடிக்கிறது?"

எனக்கு விளங்க நேரமெடுத்தது.

"ஏத்தேக்கயே பெட்டி சொன்னது, இடமில்லையெண்டு. வாசிச்சனான். பழசை அழிக்கவேணும். நாளைக்குப் பாப்பமெண்டு விட்டனான்."

"ஒருத்தருக்கும் தெரியாதக்கா. பழசுதானே காப்பாத்தினது. அப்பிடியே விடுங்கோ."

"ஓம். ஒரு பழசு காப்பாத்தினது. மிச்சம் எல்லாம் சேர்ந்து கொல்லப் பாத்தது." கைப்பையைத் தோளில் போட்டார். "கடலடிக்குப் போவம்."

வெளிச்சம் மங்க முன்னரே கட்டியிழுத்துக்கொண்டு வந்தார்கள். அருளப்பு இடுப்பில் நனைந்த சாரத்தோடு இறங்க, ஜெசிந்தா முதலில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். "எஞ்சினைப் பாத்துக்கொண்டு போ எண்டு எத்தினைதரம் சொன்னனான்!" பிறகுதான் கட்டிப்பிடித்தாள். சனம் அக்காவுக்கு வழிவிட்டது. யாரோ அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டு நேரே ஜெசிந்தாவிடம் போனார்.

"பெட்டி நிண்டது என்னாலதான். பழசை அழிக்கச் சொல்லி அது சொன்னது. நான் அழிக்கேல்லை."

காற்று பாதியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் எல்லோருக்கும் கேட்டது.

ஜெசிந்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நான் சுவரோட குந்தியிருக்கேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"பட்டியல் வந்தவுடன விளங்கினது. அதுக்கு முன்னம் சந்தேகம் இருந்தது."

"ம்." அருளப்புவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோ, போவம்." நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு வெகுநாள் அவள் சங்கத்துப் படி ஏறவில்லை. ஒழுங்கையில் அக்காவைக் கண்டால் வேலியைப் பார்ப்பாள்.

மறுநாள் நான் வரும்போது அக்கா பழைய கேர்னல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா என்று பெட்டி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றார். காப்பாற்றியதை மட்டும் விட்டுவைத்தார். புதியதைத் திரும்ப ஏற்றினார். படகுகளையெல்லாம் ஒருமுறை கரைக்கு அழைப்பித்தபின், தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பெட்டியை நிறுத்தி எழுப்பினார். மறைத்த கேள்வியையும் திரும்பக் கொண்டுவந்தார். "கொஞ்சநேரம் நிண்டு கேக்கட்டும், தலைவர்." தலைவர் தாடையைச் சொறிந்தார். "கேக்கட்டும், கேக்கட்டும்."

பிறகு ஒரு விசர் பிடித்ததுபோல. பழைய குடை போனது. திறப்புக்கோர்வை இறங்குதுறையிலிருந்து கடலுக்குள் போனது. தண்ணீர் அதை ஒரு சத்தமும் இல்லாமல் வாங்கியது. கட்டு இடிந்த கிணற்றைத் தூர்க்கக் கல் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருநாள் பழைய கைப்பேசியை மேசையில் வைத்து, நெடுநேரம் பார்த்து, பொத்தானை அழுத்தி அணைத்தார்.

அடுத்த கிழமை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் அந்தக் கதிரை வந்து இறங்கியது. சேர்வருக்கு முன்னால் போட்டார்.

"இருங்கோ," என்றார் என்னிடம்.

"ஆளிருக்கிற கதிரையெல்லோ?"

"இப்ப ஆளில்லை."

என்றாலும் நான் இருக்கவில்லை. யாரும் இருக்கவில்லை. அவர்கூட நின்றுகொண்டே தட்டுவார்.

தை கழியப்போகும் ஒரு பகல், வாடை ஓயும்முன் கடைசியாக ஒருமுறை மூர்க்கம் காட்டியது. வாசலில் நிழல் விழுந்தது. ஜெசிந்தா. உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. அருளப்பு கடலில் நின்றான். அக்கா தட்டுவதை நிறுத்தினார். கதிரையைத் திரைப்பக்கம் திருப்பிவிட்டு விலகி நின்றார். கொஞ்சம் பொறுத்து ஜெசிந்தா வந்து, அதில் நுனியில் இருந்து, பிறகு நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

"எங்கட எது?"

"உந்தா, உது."

புள்ளி இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வலை விட்டிருப்பான்.

"புதுசு ஓடுதோ?"

"ஓடுது."

"பழசு?"

"ஒண்டு வச்சிருக்கிறன்."

ஜெசிந்தா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்டு காணும்," என்றாள்.

அக்கா இப்போது இந்தத் தீவில் இல்லை. போகும்போது அவர் பையை நான்தான் படகில் ஏற்றினேன். ஒரு கையால் தூக்க முடிந்தது.